மாடியை இறக்கிவைத்த வாரம்

"அக்கா, அந்தப் பெரிய படத்த என்ன செய்யப் போறீங்க?"

நான் ஏணியில் நின்று விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசி கீழே தரையில் கிடந்தது. அதிலிருந்து வந்த குரல் ஷாலினியுடையது. கிள்ளானில் பாலர் பள்ளி நடத்துகிறாள். அதற்கு முன்பு ஓவியம் வரைந்துகொண்டிருந்தாள். எங்கள் கேலரியில் ஒரே ஒரு முறை கண்காட்சி வைத்தாள். அந்தக் கண்காட்சியில் மிஞ்சிய ஒரு படம் மட்டும் அவளிடம் திரும்பிப் போகாமல் எங்களிடமே தங்கிவிட்டது.

"அது உன் படம் ஷாலினி. நீதான் வந்து எடுத்துக்கணும். அதுக்குத்தானே மெசேஜ் போட்டேன்."

"சனிக்கிழமை வரேன்கா. ஆனா ஒன்னு, உங்ககிட்ட பெரிய கட்டர் இருக்கா? இல்லன்னா நான் கொண்டு வரேன்."

"கட்டர் எதுக்கு?"

"துணிய மட்டும் வெட்டி எடுத்துக்கிறேன். சட்டத்தோட கார்ல ஏறாது. வருசக் கடைசி கான்சர்ட் வருதுல்ல, ஸ்டேஜுக்குப் பின்னால கட்ட பெரிய துணி வேணும். மேல வெள்ள அடிச்சிட்டு காடு வரையப் போறோம். முயல், யானை, குரங்கு எல்லாம். அந்த சைஸ்ல துணிக்கு நான் எங்க போவேன், சொல்லுங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றிய விளக்கின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

"அது நல்ல படம் ஷாலினி."

"ஐயோ அக்கா, விடுங்க லா. அந்தக் கைய என்னால பாக்கவே முடியாது."

ஏணியிலிருந்து இறங்கி, கூடத்தின் பின்பக்கம் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். ஓர் அடுக்குமாடி வீட்டின் வாசல். வெளியே சாயங்கால நீலம், உள்ளே டியூப் லைட்டின் வெளுப்பு. இரும்புக் கம்பிக் கதவு பாதி திறந்திருக்கிறது. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஆள் யாரும் இல்லை. உள்ளிருந்து நீண்ட ஒரு கை மட்டும் கம்பியைப் பிடித்திருக்கிறது. கதவைத் திறக்கும் கையா, சாத்தும் கையா என்று சொல்ல முடியாது.

அந்த நிமிடத்தில் எனக்கு ஷாலினியின் நினைப்பு வரவில்லை. இந்தப் படத்தைப் பார்க்கவே வருகிற பரம் டீச்சரிடம் இதை யார் சொல்வது என்றுதான் நினைத்தேன்.

மேல என்ன கடை?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கடைவரிசையின் மாடியில் சிறிய ஓவியக் கூடம் ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தினேன். அதை மூடிய வாரத்தின் கதை இது.

கீழே லெட்சுமி அக்காவின் பூக்கடை. மாடிப்படி அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே ஏறும். செங்குத்தான மரப்படி. படி முடியும் இடத்தில் ஒரு கம்பிக் கதவு. காலையில் மல்லிகையும் ஈர வாழைநாரும் மணக்கும். மதியத்துக்கு மேல் பஸ் புகைதான்.

கேலரிக்கு நான் வைத்த பெயர் வேறு. நீளமான ஆங்கிலப் பெயர். அதைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் லெட்சுமி அக்காவிடம்தான் வழி கேட்டார்கள். அவர் தொடுக்கும் பூவிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாடி, மாடி" என்பார். கொஞ்ச நாளில் ஓவியர்களே 'மாடியில் கண்காட்சி' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நானும் பலகையை மாற்றிவிட்டேன். மாடி.

"மேல என்ன கடை?" என்று கேட்டவர்களுக்கு, "படக் கடை" என்பது லெட்சுமி அக்காவின் பதில். ஆகவே முருகன் படம் வாங்க வந்தார்கள். கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்க வந்தார்கள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்த ஒருவர், உள்ளே முழுக்கச் சிவப்பாக இருந்த ஒரு பெரிய ஓவியத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சம்பல் மாதிரி இருக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என் வீட்டுக்காரர் தேவன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அதன்பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாக்கில் உறைத்தது. வரைந்தவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, "அவர் சொன்னது சரியா இருக்கலாம்" என்று செய்தி அனுப்பினார்.

ஒரு முறை, ஒரு மாதம் முழுக்கப் படங்களின் கீழே பெயர்ச்சீட்டே ஒட்டாமல் விட்டுப் பார்த்தேன். வழக்கமாக வருகிறவர்கள் முதலில் சீட்டைத்தான் படிப்பார்கள். படித்துமுடித்ததும் படம் பார்த்து முடிந்தது என்ற நிம்மதி முகத்தில் வந்துவிடும். சீட்டு இல்லாதபோது என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. சிலர் எரிச்சலோடு போய்விட்டார்கள். சிலர் அதிக நேரம் நின்றார்கள். ஒரு ஜோடி, இது காலையா மாலையா என்று சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கியது. கீழே பூக்கடை தாண்டியும் அவர்கள் குரல் கேட்டது.

மருந்து ஜன்னல்

"பார்மசிஸ்டா இருந்த உனக்கு இந்த ஆசை எப்படி வந்துச்சு?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஓர் அரசாங்க கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் என் வேலைக்காலம் முழுக்க நின்றவள் நான். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பெருங்குடலின் படம் போட்ட ஒரு விளக்கப் போஸ்டர் இருந்தது. நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். வேறு பார்க்க ஒன்றும் இல்லை.

சும்மா பார்ப்பதில்லை, ஆழ்ந்து பார்ப்பார்கள். ஒருவர் தலையைச் சாய்ப்பார். ஒரு அம்மா எழுந்து அருகே போய், விரலால் அந்தக் குடலின் வளைவைத் தொடர்ந்துகொண்டே போவார். சுவரும் காத்திருக்க நேரமும் கொடுத்தால் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் இப்படிப் பார்ப்பார்கள் போலிருக்கிறதே என்று ஒரு நாள் தோன்றியது. குடலுக்குப் பதில் ஒருவர் மனசு வைத்து வரைந்த ஒன்று அங்கே இருந்தால்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முன்கூட்டியே ஓய்வு வாங்கியதற்கு நான் வீட்டில் சொன்ன காரணம் முழங்கால் வலி. உண்மையான காரணம் இந்தக் கேள்விதான்.

ஜன்னலில் நின்ற காலமெல்லாம் நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவள். சாப்பிட்டாச்சா? அலர்ஜி இருக்கா? வேற மருந்து எடுக்கிறீங்களா? அதனால் மாடியில் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். படம் பார்க்கிறவரிடம் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கக் கூடாது. அந்த விதியைக் காப்பாற்றுவது எல்லோர் விஷயத்திலும் எளிதாக இருந்தது, பரம் டீச்சரைத் தவிர.

எல் போர்டு கார்

பரமேஸ்வரி என்பது முழுப்பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் பரம் டீச்சர். வீடு ஸ்ரீ கெம்பாங்கானில். கூரையில் எல் போர்டு வைத்த சின்னக் கார் ஒன்றில் நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவது அவர் வேலை.

அவர் முதன்முதலில் மாடி ஏறியது ஓவியத்துக்காக இல்லை.

"மேடம், டாய்லெட் இருக்கா? அவசரம்."

கழிவறை பின்பக்கம். போகும் வழிச் சுவரில் ஷாலினியின் படம் மாட்டியிருந்தது. கண்காட்சி முடிந்து பல மாதம் ஆகியும் அவள் எடுத்துப்போகவில்லை. கைக்குழந்தை, வீட்டில் இடமில்லை என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். கூடத்து முன்சுவர்கள் அடுத்த ஓவியருக்கு வேண்டியிருந்ததால், அதைப் பின்னால் மாட்டியிருந்தேன்.

கழிவறைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தேன். கைக்குட்டையால் ஈரக்கையைத் துடைத்தபடி அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தார். ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வருவார். கையில் ஒரு பாக்கெட் தே தாரேக் டீ இருக்கும். வந்ததும் வாய் ஓயாது.

"ராஜி, நேத்து ஒருத்தன் ரவுண்டபௌட்ல கண்ண மூடிட்டான்! கேட்டா, 'டென்ஷன் டீச்சர்'ங்கிறான். அலாமாக், டென்ஷன் எனக்கா உனக்கா?"

சிரித்து முடிப்போம். பிறகு பின்னால் போவார். அங்கே போனதும் பேச்சு நின்றுவிடும். கூடத்தில் வேறு எந்தப் படத்தையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. "நல்லாருக்கு" என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அந்தக் கதவுக்கே போய்விடுவார்.

என்ன பார்க்கிறார்? நானாகவே பதில் செய்யத் தொடங்கினேன். வீட்டை விட்டுப் போன மகள் ஒருத்தி இருப்பாள். இல்லை, பேச்சுவார்த்தை நின்றுபோன தங்கை. இல்லை, ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுப் போன புருஷன். இரவுச் சாப்பாட்டில் தேவனிடம் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

"அவங்ககிட்டயே கேட்டுட்டா முடிஞ்சு போச்சு" என்பார்.

"கேக்க மாட்டேன்."

"அப்ப எனக்குச் சோத்தப் போடு" என்பார்.

அம்பாங்கில் ஒரு சுவர்

மாடியை ஏன் மூடினேன்? கட்டடத்தின் சொந்தக்காரர் காலமான பிறகு அவர் பிள்ளைகள் அதை ஒரு சின்ன ஹோட்டலாக மாற்றுவதென்று முடிவெடுத்தார்கள். மரியாதையாகவே வந்து சொன்னார்கள். லெட்சுமி அக்கா இரண்டு கடை தள்ளி இடம் பிடித்துவிட்டார். எனக்கும் நண்பர்கள் இடம் தேடினார்கள். சுபாங் ஜெயாவில் ஒன்று, அம்பாங்கில் ஒன்று.

அம்பாங் இடத்தைப் போய்ப் பார்த்தேன். பெரிய கண்ணாடி முகப்பு, கார் நிறுத்த வசதி, லிஃப்ட். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவரின் முன் நின்றேன். ஒரு சுவரைப் பார்த்தால் இதில் எதை மாட்டலாம், வெளிச்சம் எங்கிருந்து வரும், ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்று என் மனது தானாக ஓடும். அன்று ஓடவில்லை. வெளியே எதிரில் வாழைப்பழத்தைக் கோரேங் பிசாங்காகப் பொரிக்கிற கடையில் வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. வரிசையில் போய் நின்று, கோரேங் பிசாங் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூடப்போகிறேன் என்றதும் எல்லோரும் துக்கம் விசாரிப்பதுபோலப் பேசினார்கள். தோளைத் தட்டினார்கள். எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று எனக்கே ஆச்சரியம். வருத்தம் இல்லாமல் இல்லை. ஒரு நல்ல புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருப்பதுபோல, இது எப்படி முடியப்போகிறது என்ற ஆவல்தான் வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கட்டருடன் வந்தவள்

ஷாலினியுடன் பேசிய அன்றே பரம் டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் பாடத்தில் இருந்தார்.

"டீச்சர், அந்தப் பின்பக்கத்துப் படம்..."

"மிதி! பிரேக்க மிதி! ...சொல்லுங்க ராஜி."

"வரைஞ்ச பொண்ணு சனிக்கிழமை வருது. படத்த வெட்டி எடுத்துட்டுப் போகப் போகுதாம்."

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"எத்தன மணிக்கு?" என்றார்.

சனிக்கிழமை ஷாலினி வந்தபோது பரம் டீச்சர் ஏற்கெனவே அந்தப் படத்தின் முன்னால், கவிழ்த்துப் போட்ட ஒரு பால் கூடையில் உட்கார்ந்திருந்தார். மற்ற சுவர்கள் எல்லாம் காலி. ஷாலினியின் ஒரு கையில் கட்டர், இன்னொரு கையில் எங்களுக்காகத் தாபாவ் கட்டி வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள்.

இருவரையும் அறிமுகம் செய்தேன். "இவங்க பரம் டீச்சர். உன் படத்தப் பாக்கத்தான் வாரா வாரம் வருவாங்க."

ஷாலினி நம்பவில்லை. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு நான் இத்தனை ஆண்டுகள் விழுங்கிக்கொண்டிருந்த கேள்வியை, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்.

"ஆன்டி, இதுல அப்படி என்ன பாக்குறீங்க?"

மகளா, தங்கையா, புருஷனா?

"கைய" என்றார் பரம் டீச்சர்.

"கையவா?"

"நான் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் மத்தவங்க கையத்தான்மா பாக்குறேன். ஸ்டேரிங்ல, கியர்ல. பயந்த கை, திமிர் புடிச்ச கை, தூங்குற கை எல்லாம் பாத்தாச்சு. இந்தக் கை மட்டும் எனக்குப் புரியல. திறக்கப் போகுதா, சாத்தப் போகுதா? ஒவ்வொரு வாரமும் ஒன்னு தோணும். கீழ எறங்கும்போது மாறிடும்."

"அவ்வளவுதானா?" என்று என் வாய் என்னை மீறிக் கேட்டுவிட்டது.

"வேற என்ன ராஜி?"

நான் அவருக்காகக் கட்டிவைத்த குடும்பமெல்லாம் அந்த இடத்திலேயே கலைந்துபோனது. ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நொடிதான். கதை எதுவும் பின்னால் இல்லாமலேயே ஒருவரால் ஒரு படத்தை இத்தனை காலம் பார்க்க முடிகிறதே என்பது நான் செய்த கதைகளை எல்லாம்விட விநோதமாகப் பட்டது.

ஷாலினி பால் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பொட்டலங்களை ஓரமாக வைத்தாள்.

"ஆன்டி, நீங்க நெனைக்கிற மாதிரி ஒன்னும் இல்ல. எனக்குக் கை வரைய வராது. அதான் அப்படி இருக்கு. அந்தக் கட்ட விரலப் பாருங்க."

பார்த்தோம்.

"அது தப்பான பக்கத்துல இருக்கு. உள்ள இருக்கிறவங்க புடிச்சா அப்படி வராது. வெளிய நிக்கிறவங்க புடிச்சாதான் அப்படி வரும். கண்ணாடியில என் கையப் பாத்து வரைஞ்சேன், குழம்பிட்டேன். கண்காட்சி அன்னிக்கி ஒருத்தர் கண்டுபுடிச்சிட்டார். 'இது யாரு கை? உள்ள இருக்கிற ஆளா, வெளிய இருக்கிற ஆளா?'ன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். சிரிச்சாங்க. அவர் வெளையாட்டாத்தான் சொன்னார். ஆனா அதுக்கப்புறம் பிரஷ்ஷ எடுத்தாலே அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வரும். அப்படியே விட்டுட்டேன்."

அன்று நானும் அதே கூடத்தில்தான் இருந்தேன். முன்பக்கம் யாருக்கோ கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அந்தச் சிரிப்பு என் காதில் விழவே இல்லை. அந்தக் கட்டை விரலும் அன்றுவரை என் கண்ணில் படவில்லை.

பரம் டீச்சர் மட்டும் சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. எழுந்து படத்துக்கு மிக அருகில் போனார். பிறகு விறுவிறுவென்று நடந்து, படி முடியும் இடத்தில் இருந்த எங்கள் கம்பிக் கதவுக்குப் போய் உள்ளிருந்தபடி கம்பியைப் பிடித்தார்.

"இப்படியா?"

"இல்ல ஆன்டி. கொஞ்சம் மேல."

"இப்படி?"

"இல்ல... இருங்க, அசையாதீங்க." ஷாலினி தன் கைப்பையைத் துழாவினாள். பிள்ளைகளின் நோட்டுக்கு மதிப்பெண் போடுகிற பென்சில் ஒன்று கிடைத்தது. காகிதம் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் சுவரைக் காட்டினேன். எப்படியும் கழற்றப்போகிற பலகைச் சுவர்தானே.

லைசென்ஸ் எடுத்த கை

அந்த மதியம் முழுக்க ஷாலினி சுவரில் கைகளாக வரைந்தாள். பரம் டீச்சர் உள்ளே நின்று பிடித்தார், வெளியே நின்று பிடித்தார்.

"திறக்கவா, சாத்தவா?"

"ரெண்டும் செய்ங்க ஆன்டி. மெதுவா."

எண்ணெய் காணாத கதவு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கீழேயிருந்து லெட்சுமி அக்கா, "யாரு மேல கதவோட வெளயாடுறது?" என்று கத்தினார். "வேலை நடக்குதுக்கா!" என்று பரம் டீச்சர் பதில் கத்தினார்.

முதலில் வரைந்த கைகள் விறைத்திருந்தன. போகப்போக ஷாலினியின் தோள் இறங்கியது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலம் நெருங்கும்போது வரைந்த ஒரு கை எலும்பும் நரம்புமாக, கட்டை விரல் இருக்க வேண்டிய இடத்தில், அச்சு அசலாக வந்திருந்தது. நான் கை தட்டினேன்.

ஷாலினி அதையும் பெரிய படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரியாத்தான் வந்துருக்கு. ஆனா என்னமோ..." என்று இழுத்தாள்.

பரம் டீச்சர் தன் விரல்களைச் சொடக்கெடுத்தபடி அருகே வந்தார். "இது லைசென்ஸ் எடுத்த கைம்மா. எங்க போறோம்னு தெரிஞ்சு போகுது. அது இன்னும் தெரியாத கை." படத்தைத் திரும்பிப் பார்த்தார். "தப்போ சரியோ, அத மட்டும் மாத்திடாத."

ஷாலினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா வேறெதுவுமா என்று தெரியவில்லை. கட்டரை எடுத்தாள். நாசி லெமாக் பொட்டலத்தின் நூலை அறுத்தாள்.

ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, "ஆன்டி, நீங்களே இத எடுத்துக்குங்க" என்றாள்.

"வேணாம் வேணாம். வீட்டுல மாட்டினா ரெண்டு வாரத்துல காலண்டர் மாதிரி ஆயிடும். கடந்து கடந்து போவேன், பாக்க மாட்டேன். நீயே வச்சுக்க. உன் ஸ்கூல்ல எங்கயாச்சும் மாட்டு. நான் கிள்ளானுக்கு வந்து பாத்துக்கிறேன்."

"அப்ப என் காட்டுக்கு?" என்றாள் ஷாலினி. கேட்டுவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினாள். கைகள் நிறைந்த சுவரையே பார்த்தாள். "அக்கா, இந்தப் பலகையெல்லாம் என்ன செய்யப் போறீங்க?"

ஜன்னல்கள்

மாடியின் வெள்ளைச் சுவர்கள் உண்மையான சுவர்கள் அல்ல, பிளைவுட் பலகைகள். ஓதம் பிடித்த பழைய சுவரை மறைக்கத் தொடக்கத்திலேயே அடித்தவை. படங்கள் மாட்ட இடம் வேண்டும் என்று தெருப்பக்கத்து ஜன்னல்களையும் சேர்த்து மறைத்திருந்தோம். ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஓட்டையை அடைத்து, மேலே ஒரு பூச்சு பூசுவோம்.

மறுநாள் தேவனும் ஷாலினியின் வீட்டுக்காரரும் சேர்ந்து பலகைகளைக் கழற்றினார்கள். தெருப்பக்கத்துப் பலகையை நகர்த்தியதும் பின்னாலிருந்த பச்சை மர ஜன்னல்கள் தெரிந்தன. தேவன் ஒன்றைத் தள்ளித் திறந்தார். தூசியோடு வெயில் தரை முழுக்க விழுந்தது. பூக்கடையின் வாளிகள், எதிர்ச்சாரியின் கூரைகள், கம்பியில் வரிசையாக மைனாக்கள், எல்லாம் மேலேயிருந்து தெரிந்தன. அந்த அறையிலிருந்து தெரு இப்படித் தெரியும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். லோரி வரும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகைகள் முதலில் ஏறின. கடைசியாகப் படம், சட்டத்தோடு, போர்வை சுற்றி. லோரி திரும்பும்வரை பரம் டீச்சர் தெருவின் நடுவில் நின்று, "வா, வா, ஒடி, நேராக்கு" என்று டிரைவருக்குக் கை காட்டினார். டிரைவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

கிள்ளானில் ஒரு காடு

பாலர் பள்ளியின் கான்சர்ட் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் தேவனும் போனோம். பரம் டீச்சர் முன்னதாகவே வந்து எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

இடம் பிடித்தது நல்லதாகப் போயிற்று. அப்பா, அம்மா, மாமா, அத்தை, தோளில் குழந்தை என்று மண்டபம் நிறைந்து, வாசல் வரை நின்றார்கள். மாடியின் எந்தக் கண்காட்சிக்கும் இந்தக் கூட்டத்தில் பாதி வந்ததில்லை.

திரை விலகியது. என் பலகைகள் மேடையின் அகலத்துக்கு நின்றன. ஒரு துளி வெள்ளை இல்லை. அடர்ந்த காடு. ஷாலினி பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றாள். மரங்களுக்கு நடுவில் ஆளுயர யானை, கிளைகளில் தொங்குகிற குரங்குகள். பரம் டீச்சர் என் முழங்கையை இடித்தார்.

"ராஜி! குரங்குக்கெல்லாம் என் கைய வச்சிருக்கா!"

பாட்டு தொடங்கியது. முயல் வேஷம் போட்ட பிள்ளைகள் வரிசையாகக் குதித்து வந்தார்கள். எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பி ஆடத் தொடங்க, ஓரத்தில் இருந்த ஒரு பெண் குழந்தை மட்டும் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காது சரிந்து தோளில் கிடந்தது.

"திரும்புமா! திரும்பு!" என்று ஒரு டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து ஜாடை காட்டினாள். கூட்டம் சிரித்தது. குழந்தை இன்னும் இரண்டடி முன்னால் போய், அண்ணாந்து பார்த்தாள். பாட்டு முடியும்வரை அப்படியேதான் நின்றாள்.

நிகழ்ச்சி முடிந்து மேடையில் பிள்ளைகளைப் படம் எடுக்க எல்லோரும் ஏறினார்கள். அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குனிந்தேன். கேட்கக் கூடாதென்ற என் விதி மாடியோடு முடிந்துவிட்டது.

"என்னம்மா பாக்குற?"

"யானைக்குக் கண்ணு இல்ல" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். தந்தம் இருந்தது, காது இருந்தது, தும்பிக்கையில் ஒரு பூகூட இருந்தது. கண் இல்லை. மண்டபம் நிறைய ஆட்கள் அவ்வளவு நேரம் பார்த்த யானை.

பின்னால் வந்து நின்ற ஷாலினி, "ஐயோ!" என்று தலையில் கை வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பழைய சிரிப்பு நினைவுக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன். சுற்றி நின்ற பெற்றோர்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஷாலினியும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு மேடைக்குப் பின்னால் ஓடி, கறுப்புச் சாயமும் பிரஷ்ஷுமாகத் திரும்பி வந்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு யானையின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எங்க வைக்கலாம், சொல்லு?"

குழந்தை சரிந்த காதைப் பின்னால் தள்ளிவிட்டு, யானையை மேலும் கீழும் பார்த்தாள். பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு ஷாலினியின் புடவையில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. படம் எடுக்க வந்தவர்கள் கைப்பேசியை இறக்கிவிட்டார்கள். குழந்தையின் விரல் எங்கே போகப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.